கோடு வரைக்கும் கடல்

மார்ச் 3, செவ்வாய். பத்தாம் நாள்.
தவறு: மீன் தொட்டியில் உப்பு கரைத்ததில் கை பிசகிவிட்டது. முப்பத்தைந்து இருக்க வேண்டியது முப்பத்து நான்கு காட்டுகிறது.
நாளைய வேலை: மறுபடி அளப்பது.

புனிதன் நோட்டுப் புத்தகத்தை மூடினான். சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

வயது இருபத்து நான்கு. கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்ட ஆபீஸில் குமாஸ்தா; தோட்டத்துப் பேச்சில் சின்னக் கிராணி. அதாவது, பெரிய கிராணி செய்ய விரும்பாத வேலைகளையெல்லாம் செய்கிற கிராணி. சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாத முடிவில் தோட்ட மேலாளரான துரை ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம்.

செவ்வாயும் வியாழனும் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் அவனுக்கு அலுவலக நிர்வாக மாலை வகுப்பு. அங்கே பாடம் நடத்தும் தர்ஷினி டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தினமும் டைரி எழுதுங்க. ஒரு தவறு, நாளைக்கு ஒரு வேலை. மத்ததெல்லாம் புலம்பல்."

வகுப்பில் இருபத்திரண்டு பேர். அந்தக் கட்டளையை நிறைவேற்றியது ஒரே ஒருவன். தவறு எதுவும் நடக்காத நாட்களில்கூட அவன் தேடிக் கண்டுபிடித்து எழுதினான். அந்தத் திறமை அவனுக்குப் பிறவியிலேயே உண்டு.

தொட்டி மட்டும் துரையின் யோசனை.

மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் தன் தேநீர்க் கடை வாசலில் ஒரு குளம் வெட்டி வண்ண வண்ணக் கோய் மீன் விட்டிருந்தது. சுற்றுலாப் பயணிகள் தேநீரை ஆறவிட்டு மீனைப் படம் எடுத்தார்கள். துரை சிவனேஸ்வரனால் அதைத் தாங்க முடியவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடி உயரத்தில், சுவெட்டர் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கிற இடத்தில், கடல் மீனே வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். எப்படி இருக்கும் என்று வேறு யாரையும் கேட்கவில்லை. நேராக மலையிறங்கி ஈப்போ நகரத்துக்குப் போய் நாலடித் தொட்டி, உப்பு மூட்டை, பாறைகள், தண்ணீரைச் சூடாக்கும் கம்பி எல்லாவற்றையும் வாங்கிவந்து தன் தோட்டத்துத் தேநீர்க் கடையில் இறக்கினார்.

"புனிதன், ஏப்ரல் நாலாம் தேதி கம்பெனித் தலைவரோட சம்சாரம் வர்றாங்க. அன்னிக்கு இதுல ஆரஞ்சு மீன் ஓடணும். ஒன் லெட்டர்லயும் அதுக்கப்புறம்தான் கையெழுத்து. புரியுதா?"

நன்றாகவே புரிந்தது.

ஈப்போ கடைக்காரச் சீனர் போனில் பாடம் நடத்தினார். மீனை உடனே விட்டால் செத்துப்போகும். முதலில் தண்ணீர் பழக வேண்டும். ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுகவிட வேண்டும். அழுகினால் விஷம் வரும். விஷத்தைத் தின்கிற கிருமிகள் பெருகும். அவை இன்னொரு விஷத்தைக் கக்கும். அதைத் தின்ன இன்னொரு வகைக் கிருமிகள் பெருகும். இரண்டு விஷமும் பூஜ்யம் ஆகிற நாளில் மீன் விடலாம். ஆறு வாரம் ஆகும். அதுவரை லிட்டருக்கு இத்தனை கிராம் உப்பு என்பது மட்டும் மாறக் கூடாது. முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தைந்து.

புனிதன் அதை மூன்று முறையும் எழுதிக்கொண்டான்.

தொட்டியை நிரப்பிய அன்று, கடையைக் கூட்டித் துடைக்கிற வேலாயி பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னா தம்பி இது, தண்ணி மட்டும் நிக்குது?"

"சாதாரணத் தண்ணி இல்லக்கா. கடல் தண்ணி. கடல்ல இருக்கற அதே உப்பு, அதே அளவு."

"நெசமாவே கடலா?"

"சத்தியமாக்கா. கடலேதான்."

வேலாயி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டாள். கடைசியாக அவள் கடலைப் பார்த்தது லுமுட்டில், மகள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். மலையிறங்கிப் போய் வர ஒரு முழு நாள்.

மறுநாள் புனிதன் கம்போங் ராஜா பாசாரிலிருந்து ஒரு பெரிய இறால் வாங்கி வந்து தொட்டியில் போட்டான்.

"யாருக்குத் தம்பி எறா?"

"உள்ள இருக்கறவங்களுக்கு."

"உள்ளதான் யாருமே இல்லியே?"

"வருவாங்கக்கா. ஆனா வந்தாலும் நம்ம கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க."

அறிவியல்படி மிகச் சரியான விளக்கம். சாயங்காலத்துக்குள் அது தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கப் பரவியது.

அடுத்தடுத்த நாட்களில் புனிதன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தான். காலையில் ஒரு சொட்டுத் தண்ணீரைச் சின்னக் குழல் ஒன்றின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உப்பைப் பார்ப்பான். பிறகு குப்பிகளில் தண்ணீர் எடுத்து, மருந்து சொட்டி, ஐந்து நிமிடம் குலுக்கி, நிறத்தைப் பார்ப்பான். மஞ்சள் என்றால் விஷம் இல்லை. பச்சை என்றால் இருக்கிறது. "பச்சை. இன்னும் பச்சை" என்று பெருமூச்சு விடுவான். பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, கிருமிகளுக்கு உற்சாகமும் ஊட்டுவான்: "சாப்பிடுங்கப்பா, நல்லா சாப்பிடுங்க. ஏப்ரல் நாலு வரைக்கும்தான் டைம்."

பக்கத்தில் எப்போதும் யாராவது இருந்தார்கள்.

ஒன்பது நாள் எல்லாம் சரியாக நடந்தது. பத்தாம் நாள்தான் அந்த முப்பத்து நான்கு.

புதன்கிழமை மறுபடி அளந்தான். முப்பத்து மூன்று.

மீன் வளர்ப்புப் புத்தகம் ஒன்றைப் புரட்டினான். தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும், அதனால் உப்பின் அளவு ஏறும் என்று போட்டிருந்தது. இங்கே தண்ணீர் தங்கிவிட்டது, உப்பு ஆவியாகிக்கொண்டிருந்தது. உலகத்தில் இதுவரை யாருக்கும் நடக்காத அறிவியல் அதிசயம் தனக்கு நடக்கிறது என்று வேறொருவன் நினைத்திருப்பான். தனக்குக் கூட்டல் வரவில்லை என்று புனிதன் நினைத்தான். உப்பைக் கரைத்து ஊற்றி முப்பத்தைந்துக்கு ஏற்றினான்.

வியாழன் காலை மறுபடி முப்பத்து மூன்று.

"என்னாடா, கடலு வத்திருச்சா?" என்றபடி பெரிய கிராணி தங்கராஜு வந்தார். முப்பது வருஷ சர்வீஸ். அந்த முப்பது வருஷத்தில் அவர் யாரையும் பாராட்டியதாகத் தகவல் இல்லை.

"வத்தலண்ணே. தண்ணி அப்படியே இருக்கு. உப்பத்தான் காணோம்."

"உப்பக் காணோமா? போலீஸ் ரிப்போர்ட் குடுத்துரு லா." தங்கராஜு சூடாக்கும் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "ஆபீஸ்ல மனுசன் குளிர்ல நடுங்குறான். மீனில்லாத தண்ணிக்கு ஹீட்டரு."

"ஒருவேளை இந்தக் குழல் கெட்டுப்போச்சோ என்னமோ அண்ணே."

"குழல எதுக்கு நம்புற? ஆண்டவன் நாக்கு குடுத்துருக்கான்ல?"

அவர் கிண்டலாகச் சொன்னார். புனிதனுக்குச் சொல்லப்படுகிற எதுவும் கிண்டலாகப் போய்ச் சேராது. ஒரு சிட்டிகை உப்பைத் தம்ளரில் கரைத்து ருசி பார்த்தான். பிறகு தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். பத்து நாள் அழுகிய இறால் ஊறிய தண்ணீர். கண்ணை மூடி, யோசித்து, இன்னொரு முறை வைத்தான்.

ஜன்னலுக்கு வெளியே கொழுந்துக் கூடையோடு இரண்டு பெண்கள் அசையாமல் நின்றார்கள். உள்ளே வேலாயி துடைப்பக்கட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முப்பத்திரண்டு.

தொட்டி எங்கேயோ ஒழுகுகிறது, யாரோ நல்லெண்ணத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகச் சரியான சந்தேகத்துக்கு அவன் அவ்வளவு பக்கத்தில் போனான். கறுப்பு மார்க்கரால் தண்ணீர் மட்டத்தில் கண்ணாடி மேல் ஒரு கோடு போட்டான். மறுநாள் காலை தண்ணீர் மயிரிழை பிசகாமல் கோட்டில் நின்றது. சந்தேகம் தீர்ந்தது. உப்பு முப்பத்தொன்று.

இதற்கிடையில் அவனுடைய மற்ற விஷயங்களும் வரிசையாகக் கெட்டன.

மார்ச் 9, திங்கள். தவறு: ஜன்னலைச் சாத்த மறந்தது. மூடுபனி புகுந்து நாற்காலி ஈரம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாளைய வேலை: ஜன்னல்.

மார்ச் 12, வியாழன். தவறு: மோட்டார் சைக்கிளை ஒழுங்காகத் துடைக்கவில்லை. சங்கிலி துருப்பிடித்துவிட்டது. வாங்கி எட்டு மாதம்தான். நாளைய வேலை: எண்ணெய்.

மார்ச் 17, செவ்வாய். தவறு: கையைச் சரியாகக் கழுவாதது. வகுப்பில் என்னைச் சுற்றி மூன்று நாற்காலி காலி. தர்ஷினி டீச்சர் ஜன்னலைத் திறந்துவைத்துப் பாடம் நடத்தினார். நாளைய வேலை: வேறு சவர்க்காரம்.

மார்ச் 18, புதன். தவறு: விசைப்பலகையில் ஏதோ கொட்டியிருக்கிறேன், என்னவென்று நினைவில்லை. காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கிறது. எழுத்துகள் அழுந்தவில்லை. நாளைய வேலை: நினைவுபடுத்திப் பார்ப்பது.

ஹரிராயா நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு மலைமேல் கூட்டம் குவிந்தது. தொட்டி முன்னால் குடும்பம் குடும்பமாக நின்று மீனைத் தேடினார்கள். கிடைக்காததால், பாறையிடுக்கில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து கிடந்த இறாலைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். துரை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். துரை திட்டியிருந்தால் புனிதன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

குப்பி பச்சையிலேயே நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? காலையில் புனிதன் உப்பைக் கொட்டி ஏற்றினான், மறுநாள் அது இறங்கிக் கிடந்தது. இன்றைக்குக் கடலிலும் நாளைக்கு ஆற்று முகத்துவாரத்திலும் குடியிருக்கச் சொன்னால் எந்தக் கிருமி குடும்பம் நடத்தும்?

கடைசி முயற்சியாக, தூசி படாமலாவது இருக்கட்டும் என்று, கடை மூடும் நேரத்தில் தொட்டி மேல் வெள்ளைத் துணி போர்த்தினான். துணி நழுவாமல் இருக்கக் கைக்குக் கிடைத்த கயிற்றால் சுற்றிக் கட்டினான். கைக்குக் கிடைத்தது சிவப்புக் கயிறு.

"அடேயப்பா." தங்கராஜு சுற்றி வந்து பார்த்தார். "சாம்பிராணி ஒண்ணுதான் கொறைச்சல். யாருடா உள்ள?"

"யாரும் இல்லண்ணே. அதுங்க எல்லாம் செத்துருச்சோன்னு பயமா இருக்கு."

தங்கராஜுவின் சிரிப்பு பாதியில் நின்றது. புனிதனின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனவர், கையை எடுத்துத் தன் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேண்ணே."

"வீட்டுக்குப் போ. ரெஸ்ட் எடு."

முப்பது வருஷத்தில் அவர் ஒருவரைச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னது அதுதான் முதல் முறை. மறுநாள் காலை கயிற்றின் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. தான் போட்ட முடிச்சே தனக்கு நினைவில்லை என்று புனிதன் டைரியில் எழுதினான். உப்பு ஒரே நாளில் ஆறு குறைந்து இருபத்தொன்பது ஆகியிருந்தது.

ஏப்ரல் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், துரை வந்தார். கையில் தண்ணீர் நிரப்பிக் கட்டிய பிளாஸ்டிக் பை. உள்ளே ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு சின்ன மீன்கள். ஈப்போவிலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அந்தம்மா வந்துருவாங்க. போட்டுரு."

புனிதன் குப்பியைத் தூக்கிக் காட்டினான். பச்சை.

"போட்டா செத்துரும் தொரை."

"எப்ப சாவும்?"

"ரெண்டு நாள், இல்ல மூணு நாள்."

"அந்தம்மா ரெண்டு மணி நேரந்தான் இருப்பாங்க."

துரை கணக்கில் கெட்டிக்காரர். புனிதன் பையைப் பார்த்தான். மீன்களில் ஒன்று பையின் ஓரத்துக்கு வந்து அவனை முறைத்தது. பையை அவிழ்த்துக் கவிழ்த்தால் போதும். நாளை மாலை கடிதம் கையில். நாளை மறுநாள் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு வலைக் கரண்டி. அவ்வளவுதான்.

"முடியாது தொரை," என்றான். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவனுக்கே சந்தேகம். "உப்பு நிக்க மாட்டேங்குது. ஏன்னு தெரியல. என் தப்புதான். எல்லாம் இதுல எழுதிருக்கேன். வேற ஆளப் போட்டுக்குங்க."

நோட்டுப் புத்தகத்தை நீட்டினான்.

துரை பையைத் தங்கராஜுவின் கையில் திணித்துவிட்டு நின்றபடியே புரட்டினார். தொழிற்சாலையில் இலையின் ஈரத்தை அளந்து அளந்து மேலே வந்தவர் அவர். இரண்டு பக்கம் தாண்டியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தெனமும் அளந்தியா?"

"ரெண்டு தரம், தொரை."

"தண்ணி கோட்டுலயே நிக்குது. உப்பு மட்டும் எறங்குது. நீ ஏத்துற, மறுநாள் எறங்குது." துரை நிமிர்ந்தார். "டேய், உப்பு எங்கயும் போகாது. யாரோ இந்தத் தண்ணிய மொண்டுட்டுப் போயி, பைப்புத் தண்ணிய ஊத்தி வைக்கிறான். யாரு அது?"

தங்கராஜு பையிலிருந்த மீன்களை மிகுந்த ஈடுபாட்டோடு பார்க்கத் தொடங்கினார்.

தேநீர்த் தட்டோடு வந்த வேலாயி தட்டை மேசைமேல் வைத்தாள்.

"தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க தொரை. நாந்தான் எடுத்தேன்."

"நீயா? எதுக்கு?"

"கடல் தண்ணியாச்சே தொரை. கண்ணு பட்டா, காத்து கருப்பு அண்டுனா, கடல் தண்ணி தெளிக்கறதுதானே வழக்கம்? லுமுட்டுக்குப் போயி எடுத்தார முடியுமா? இங்கயே கடல் இருக்குன்னு தம்பி சத்தியம் பண்ணுச்சு."

துரை தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கையை எடுத்து, புத்தகத்தை இன்னொரு முறை புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"அப்போ இவன் அளந்தது ஒரு நாள்கூடத் தப்பு இல்ல." புனிதனை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு சொட்டு விடாமக் கண்டுபிடிச்சிருக்க. கண்டுபிடிச்சிட்டு உன்னையே திட்டிருக்க. அந்த லெட்டர எடு. அந்தம்மாகிட்ட நாளைக்கு நீயே பேசு. மீன் வர இன்னும் ஆறு வாரம் ஆகும், ஏன் ஆகும்னு இந்த நம்பரக் காட்டிச் சொல்லு. மீன ஈப்போவுல நானே திருப்பிக் குடுத்துர்றேன்."

புனிதன் கடை மூலையில் இருந்த தன் மேசையின் இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்து அதன்மேல் விரித்தான். துரை பேனாவை வைத்தார். சிவனேஸ்வரன் என்பதில் பாதி மை கரைந்து நீலமாகப் பரவியது.

"என்னாடா, மேசையெல்லாம் ஈரம்?"

"மூடுபனி தொரை," என்றான் புனிதன். "ஜன்னலச் சாத்தாதது என் தப்பு."

"மூடுபனி இல்ல தம்பி," என்றாள் வேலாயி. அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. "எங்க வீட்டுக்கு ஒரு சொட்டு எடுத்திருந்தா என் கண்ணு அவிஞ்சிரும் தொரை, அம்புட்டும் இந்தப் புள்ளைக்குத்தான்! மீனில்லாத தொட்டிக்கு எறா போடுது, கண்ணுக்குத் தெரியாதவங்ககூடப் பேசுது, நாத்தத் தண்ணிய நக்குது. நல்ல புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சேன்னு அதோட நாக்காலி, மேச, கம்ப்யூட்டரு, மோட்டாரு, வாசப்படின்னு தெனமும் தெளிக்கறோம். நாங்க தெளிக்கத் தெளிக்க அதுக்கு முத்திக்கிட்டேதான் போவுது. போன வாரம் துணிய மூடிக் கயிறு கட்டுனதப் பாத்து, பெரிய கிராணி தாங்க மாட்டாம இருவது லிட்டர் டின்னையே தூக்கிட்டு வந்துட்டாரு!"

எல்லாரும் தங்கராஜுவைப் பார்த்தார்கள். அவர் மீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"கோடு வரைக்கும் கரெக்டா ஊத்தி வச்சேன் தொரை," என்றார்.

ஏப்ரல் 3, வெள்ளி. நாற்பத்தோராம் நாள்.
தவறு: ஒரு மாதமாகத் தவறு என்று எழுதியது.
நாளைய வேலை: காலை எட்டு மணிக்குள் இரண்டு வாளி உப்புத் தண்ணீர் தனியாகக் கலப்பது. ஒன்று, தொட்டியில் கை வைக்காமல் இருக்க, வேலாயி அக்காவுக்கு. இன்னொன்று, பத்து மணிக்குத் தலைவரின் மனைவி வருவதற்குள், யாருக்கும் தெரியாமல், துரையின் பங்களாவில் தெளிக்க. அவரே கேட்டார்.